பொருட்பதிவேட்டில் ஏறிய குரல்

நிரஞ்சனியின் குரல் அவளை விட்டு டெப்லெட்டுக்குள் போய்த் தங்கியது பெப்ரவரி மாதம் பதினேழாந் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு. அன்று பல்லேபொலைப் பக்கம் மழை இல்லை, மின்சாரமும் தடைப்படவில்லை. பாடசாலையில் அவளையும் காவலாளி அழகமுத்துவையும் தவிர வேறு எவரும் இருக்கவில்லை. நாற்பத்திரண்டாவது பாடத்தின் கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்து, பதிவை நிறுத்தும் சிவப்புப் புள்ளியைத் தொட்டுவிட்டு, வகுப்பறைக் கதவைப் பூட்டலாம் என்று அழகமுத்துவிடம் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வாய் திறந்தது, சொல் வரவில்லை. டீச்சர் கொட்டாவி விடுகிறார் என்று எண்ணித் தானும் ஒரு கொட்டாவி விட்டதாக அழகமுத்து பிற்பாடு விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

நிரஞ்சனி அப்போது ஆசிரியை ஆகியிருக்கவில்லை, ஆகவிருந்தவள். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடங்களை முடித்து, மூன்றாம் வருடப் பயிற்சிக்காக அந்தச் சிறிய தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டிருந்தாள். அவளுடைய தாய் கிருஷ்ணம்மா, தோட்டத்துக் கராம்பு ஸ்டோரில் காய்ந்த மொட்டுகளைத் தரம் பிரிப்பவள். அவர்களுடைய லயத்தில் பதினான்கு வீடுகள். அவற்றுள் எதிலிருந்தும் அதுவரை ஓர் ஆசிரியர் புறப்பட்டதில்லை. பாடசாலையில் இரண்டு ஆசிரியர்களுக்கு வெற்றிடம் இருந்தமையால் தரம் நான்கும் தரம் ஐந்தும் ஒருசேர அவள் தலையில் விழுந்தன. இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. ஒரே நேரத்தில் தடுப்பின் இரு பக்கமும் நிற்க அவளால் இயலவில்லை. கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய டெப்லெட், அதிபரின் அலுமாரியில் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. தரம் ஐந்துக்குரிய கணிதப் பாடங்களை அதில் பதிவு செய்வது, தான் தரம் நான்கில் நிற்கும் வேளையில் மற்ற வகுப்பை அதன் முன் அமர்த்துவது என்று அவள் முடிவு செய்தாள். வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றிய சிந்தனைகளை வாரந்தோறும் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது கல்லூரியின் விதி. முதல் வாரக் குறிப்பில் அவள், “இந்தக் கருவி ஓர் ஆசிரியரை இருவராக்கும்” என்று எழுதினாள். எழுதியது அப்படியே நடந்தது.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்லள். ஒரு பாடத்தில் ஒரு சொல் இடறினாலும் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து பேசினாள். பின்னங்கள் பற்றிய பாடத்தைப் பத்தொன்பது தடவை பேசினாள். அத்தனை தடவை போய்ப் போய் வந்த குரலுக்கு, நாற்பத்திரண்டாவது பாடத்தின் முடிவில் திரும்பி வருவதற்குக் காரணம் ஏதும் தென்பட்டிருக்காது. மாத்தளையில் தொண்டையைப் பரிசோதித்த டொக்டர், உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, குடியிருப்பவர் மட்டும் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி, கொப்பளிக்க ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணம்மா மகளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்று தேங்காய் உடைத்துவிட்டு, வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாள்.

“மெஷினுகிட்ட நாப்பத்திரண்டு பாடம் பேசத் தெரிஞ்சிச்சு. பெத்தவகிட்ட ‘அம்மா’ன்னு ஒரு வார்த்த பேச மிச்சம் வைக்கலியாடி நீ?”

நிரஞ்சனி குறிப்பேட்டை எடுத்து, “நாளை பாடசாலை உண்டு. எட்டு மணிக்கு நான் அங்கே நிற்க வேண்டும்” என்று எழுதிக் காட்டினாள்.

மறுநாள் எட்டு மணிக்கு அவள் அங்கே நின்றாள். தரம் நான்குக்குக் கரும்பலகையில் எழுதியும், கைகளால் காட்டியும் படிப்பித்தாள். தடுப்புக்கு அப்பால் அவள் குரல் தரம் ஐந்துக்குப் படிப்பித்தது. ஒரு வாரத்துக்குள் குரலுக்கு மின்னேற்றம் தேவையில்லாமல் போயிற்று. டெப்லெட் அணைந்து கிடந்தாலும் மணியடித்ததும் அது பாடத்தைத் தொடங்கியது. விடுமுறை நாள்களில் அது பேசுவதில்லை. மழை நாள்களில் சற்றுக் கம்மியதால், அதிபர் பலீல் தம்முடைய துவாயினால் டெப்லெட்டைச் சுற்றி வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் கிருஷ்ணம்மா ஸ்டோரில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, தரம் ஐந்தின் யன்னலுக்கு வெளியே நின்று மகளின் குரலைக் கேட்டுவிட்டுப் போனாள். அந்த வருடம் அவள் பின்னங்களையும் சுற்றளவையும் கற்றுக்கொண்டாள். நாலந்தாப் பக்கத்துப் பாடசாலை ஒன்று கேட்டதற்கிணங்கப் பாடங்களைப் பிரதி செய்து அனுப்பினார்கள். அங்கே படம் அசைந்தது, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. குரல் ஒன்றுதான் என்பது அதனால் உறுதியாயிற்று. வருடாந்தப் பொருட்கணிப்புக்கு வந்த அலுவலர், ஒழுங்காக வேலை செய்யும் எந்தப் பொருளும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பலீல் அதிபர் நூற்றுப் பதினேழாம் இலக்கத்தில் டெப்லெட்டையும், நூற்றுப் பதினெட்டாம் இலக்கத்தில் “குரல், பெண், ஒன்று, நல்ல நிலை” என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டார்.

குறை வேறோரிடத்தில் இருந்தது. கேள்வி கேட்ட ஆசிரியர் மூன்று வினாடி காத்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் கற்பித்திருந்தார்கள். அதன்படி ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் குரல், “விளங்கியதா?” என்று கேட்டது, மூன்று வினாடி காத்தது, பின்னர், “மிக நன்று. அடுத்த பகுதிக்குச் செல்வோம்” என்றது. அந்த மூன்று வினாடிக்குள் இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே மூச்சில், “விளங்கிச்சுங்க டீச்சர்!” என்றார்கள். தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் வேலையாட்களின் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் “இருக்கேன்” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போவார். காய்ச்சலோடு நிற்பவரும் அதையே சொல்வார். கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுப்பது மரியாதை. அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. அந்தக் களத்தைக் காணாத கடைவீதிப் பிள்ளைகளும் ஒரு வாரத்தில் அந்த மரியாதையைக் கற்றுக்கொண்டார்கள். முதலாந் தவணைப் பரீட்சையில், இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று ஆகியவற்றுள் பெரியது எது என்று கேட்கப்பட்டிருந்தது. இருபத்துமூன்று பேர் நான்கில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். மற்ற மூவர் அன்று பாடசாலைக்கு வரவில்லை.

நிரஞ்சனி விடைத்தாள்களைத் திருத்தி முடித்து, அடுக்கி, நூலால் கட்டி வைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தாள். “என் குரலில் பிழை இல்லை. பத்தொன்பது தடவை திருத்தியிருக்கிறேன். பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள். அது பிள்ளைகளைக் கேட்பதில்லை. போகும்போது அது காதை எடுத்துச் செல்லவில்லை. காது என்னிடமே இருக்கிறது. ஆகவே மீதி வேலை என்னுடையது” என்று எழுதினாள்.

இதற்கிடையில் இறுதி மதிப்பீட்டுக்கு நாள் குறிக்கப்பட்டது. விரிவுரையாளர் நூருன்னிஸா நேரில் வந்து தரம் ஐந்தின் பின்வரிசையில் நாற்பது நிமிடம் இருந்து புள்ளியிடுவார். அவர் பேரைக் கேட்டாலே பயிலுநர்களுக்கு வியர்க்கும். தேறாதவர் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். இன்னொரு வருடம் என்பது கிருஷ்ணம்மா இன்னொரு வருடம் கராம்புத் தூசியில் இருமுவது. பலீல் அதிபர் இரக்கமுள்ளவர். வழி ஒன்றையும் யோசித்து வைத்திருந்தார்.

“மகள், கேளுங்க. டெப்லெட்ட சாரித் தலைப்புக்குள்ள வச்சுக்கிட்டு முன்னால நில்லுங்க. அது பேசும். நீங்க வாய மட்டும் அசைங்க. ஒங்க குரல்தானே, களவெடுத்த சாமானா?”

அவள் “மாட்டேன்” என்று எழுதி, அடியில் இரண்டு கோடுகள் போட்டாள்.

“அப்ப என்ன செய்யப் போறீங்க?”

“அதை நிறுத்தப் போகிறேன்” என்று எழுதினாள்.

நிறுத்துவது சுலபமாக இருக்கவில்லை. திரையைத் தொட்டாள், குரல் பேசிக்கொண்டே இருந்தது. அணைத்தாள், அப்போதும் பேசியது. “விளங்கியதா?” என்று அது கேட்டதும், பிள்ளைகள் வழக்கம்போல் மரியாதை செய்ததும், “மிக” என்று அது தொடங்கியதும் அவளுக்குப் பொறுமை அற்றுப்போயிற்று. கூச்சலிடும் வகுப்பைப் பார்ப்பதுபோல் டெப்லெட்டை நேராகப் பார்த்து, ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்தாள். குரல் அந்தச் சொல்லிலேயே நின்றது. பிறகு அவள் மேசையைச் சுற்றி வந்து, முன்வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவர்கள் மறுபடியும், “விளங்கிச்சுங்க டீச்சர்!” என்றார்கள். அவள் தலையை அசைத்து மறுத்தாள். பதினொரு நிமிடம் எவரும் பேசவில்லை. கூரையில் ஒரு மைனா நடந்த சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது நிமிடத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து தினுஷா எழுந்து, அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவே ஒரு குரலில், “எனக்கு வெளங்கல்லங்க டீச்சர். ஒரு நாளும் வெளங்கல்ல” என்றாள்.

நிரஞ்சனி எழுந்து சோக்கட்டியை அவள் கையில் கொடுத்தாள். தினுஷா மூன்றில் ஒன்றை எழுதி, அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டில் மூன்று கிலோ பச்சை மிளகைப் பாயில் காயப்போட்டால் ஒரு கிலோதான் தேறும், இது அதுவா என்று கேட்டாள். நிரஞ்சனி தலையசைத்தாள். கடைவீதியில் மிளகு வாங்கும் குடும்பத்தைச் சேர்ந்த றினோஸ் துள்ளி எழுந்தான்.

“பொய் சொல்றா டீச்சர்! இவங்க எங்க வாப்பாட கடைக்கிக் கொண்டு வாறது பாதி காஞ்சது. அது மூனுல ஒன்னு இல்ல, ரெண்டுல ஒன்னு!”

“அப்ப ரெண்டுல ஒன்னுதானே பெருசு? கூடத் தேறுது இல்ல?” என்று தினுஷா திருப்பிக் கேட்டாள், கேட்ட பின்னரே தான் என்ன சொன்னாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. தவணைப் பரீட்சை எழுதிய இருபத்துமூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெப்லெட் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அன்று பாடம் முடியும்வரை அதன் திரை, அணைத்து வைத்திருந்தும், மங்கலாக ஒளிர்ந்தது.

யூலை மாதத்தில் நூருன்னிஸா வந்தார். படிவத்தைப் பலகையில் கவ்வி, கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துவிட்டு அமர்ந்தார். அன்று குரல் இதுவரை பேசாத அழகோடு பேசியது. வந்திருப்பவர் யார் என்பதை அது அறிந்திருந்தது போலும். நூருன்னிஸாவின் பேனை முதல் எட்டு நிமிடத்தில் மூன்று முறை திருப்தியோடு அசைந்தது. பலீல் அதிபர் வாசலில் நின்றுகொண்டு, அப்படியே விட்டுவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினார். விட்டுவிட்டால் நாற்பது நிமிடமும் குற்றமின்றிக் கழியும் என்பதை நிரஞ்சனி நன்கு அறிவாள். ஒன்பதாவது நிமிடத்தில், “விளங்கியதா?” என்று குரல் கேட்டது. நிரஞ்சனி விரலை உதட்டின்மேல் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆறு நிமிடம் அமைதி. நூருன்னிஸா கடிகாரத்தைப் பார்த்தார். பேனையால் பலகையைத் தட்டினார்.

“நிரஞ்சனி, நீங்க பாடத்த எப்பதான் தொடங்கப் போறீங்க?”

றினோஸ் எழுந்து நின்றான். “தொடங்கிட்டாங்க மெடம். இது வெளங்கல்லன்னு சொல்ற நேரம். நீங்க பேசக் கூடாது.”

நூருன்னிஸா வாயை மூடினார். அடுத்து ஜஸ்லா எழுந்து, கரும்பலகைக்கு வந்து, நான்கில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் எட்டில் இரண்டு என்று எழுதினாள். மேலும் மேலும், கீழும் கீழும் கூட்டியிருந்தாள். பாதி வகுப்பு சரி என்றது. தினுஷா இருந்த இடத்திலிருந்தே தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடியே, ஒரு ரொட்டிய எட்டாப் பிச்சு ரெண்டு துண்டு எடுத்தா அது கால் ரொட்டிதான்டி! நான் கால் ரொட்டி குடுத்தேன், ஒங்க உம்மா கால் ரொட்டி குடுத்தாங்க, இன்னமும் கால் ரொட்டிதான் இருக்குன்னா, என்னோடத யாரு தின்னது?”

ஜஸ்லா சிரித்துவிட்டாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எட்டைத் தானே அழித்தாள். எஞ்சிய இருபது நிமிடமும் பிள்ளைகள் சோக்கட்டிக்காகச் சண்டையிட்டார்கள். நிரஞ்சனி யாரிடம் சோக்கட்டி போக வேண்டும் என்பதை மட்டும் கண்ணால் தீர்மானித்தாள்.

நூருன்னிஸா படிவத்தை நெடுநேரம் நிரப்பினார். குரல் வளம் என்ற பகுதிக்குரிய பத்துப் புள்ளியில் பூச்சியம் இட்டு, பக்கத்தில், “குரல் பாடசாலையின் உடைமை, பயிலுநருடையதன்று” என்று காரணம் எழுதினார். பாட ஒழுங்கில் ஐந்து புள்ளி குறைத்தார். மாணவரைச் செவிமடுத்தல் என்ற பகுதிக்கு முழுப் புள்ளி இட்டார். அதற்கு முன்னர் அவர் எவருக்கும் அப்படி இட்டதில்லை. மொத்தம் எழுபத்தொன்று. தேறுவதற்கு ஐம்பது போதும்.

மறுவருடம் நியமனக் கடிதம் வந்தது, இடம் நாலந்தா. விடைபெறும் நாளில் பலீல் அதிபர் பொருட்பதிவேட்டையும் சிவப்புப் பேனையையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

“நூத்திப் பதினெட்ட எழுதினவன் நான். வெட்டுறவனும் நானாத்தான் இருக்கணும். எடுத்துக்கிட்டுப் போங்க மகள். உம்மாவோட ஒரு வார்த்த பேசுங்க.”

தடுப்புக்கு அப்பால், புதிய தரம் ஐந்துக்கு அவள் குரல் முதலாம் பாடத்தைத் தொடங்கியிருந்தது. ஆசிரியர் வெற்றிடம் இரண்டும் இன்னும் நிரப்பப்படவில்லை. அவளுடைய இடத்துக்கு வந்திருந்த பயிலுநர் ஜீவராஜ், முன்வரிசையில் கதிரை போட்டு, விரலை ஆயத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிரஞ்சனி அந்தப் பாடத்தை இறுதிவரை நின்று கேட்டாள். ஒரு சொல்கூடப் பிழையில்லை. பேனையின் மூடியைப் போட்டு அதிபரிடமே திருப்பிக் கொடுத்தாள். “பாடங்கள் சரியாக இருக்கின்றன. இங்கே இது தேவை” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று பகல் அலுவிகாரைச் சந்தியில் பஸ் ஏறினாள்.

நாலந்தாவில் அவளுக்கு முப்பத்தொரு பிள்ளைகள். திங்கட்கிழமை பதினான்கு நிமிடம் எவரும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பது நிமிடம். புதன்கிழமை பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை நிரஞ்சனி கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டதுமே மூன்று பேர் ஒருமிக்க எழுந்தார்கள்; அவள் இருவரைக் கையால் அமர்த்திவிட்டு, புதன்கிழமை எழுந்து உட்கார்ந்துவிட்ட மூன்றாமவளைப் பார்த்தாள்.