தெமியாங்கில் பெரட்டு

உலகத்தில் மனிதன் குடியிருப்பதற்குச் சரியான அளவில் கட்டப்பட்ட ஊர் ஒன்றே ஒன்றுதான், அது சிரம்பான். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் அந்த ஊரின் தெமியாங் பகுதியில் இருந்த ஹரோல்ட். வயது இருபது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பேனாவில் மை ஊற்றிக்கொண்டிருந்த வாரத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டதால், தேறாமலும் தவறாமலும் படிப்பை முடித்தவன். பரீட்சை நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில் அவனுக்கும் அவன் வாத்தியாருக்கும் வெவ்வேறு கருத்துகள் இருந்தன.

"கோலாலம்பூர்ல நீ செத்து விழுந்தாலும் தாண்டிப் போவான்லா. எஸ்டேட்டுல நீ தும்முனா மண்டோர் வீட்ல கசாயம் போடுவாங்க. சிரம்பான் அப்படியில்ல. தெரிய வேண்டியவனுக்கு நம்மளத் தெரியும். தெரியக் கூடாதவனுக்குத் தெரியாது. நாகரிகம்னா அதான்."

இதை அவன் முச்சந்தியில் இருந்த மணியத்தின் கோப்பிக் கடையில் தினமும் மாலையில் அறிவிப்பான். வறுத்த சோளத்தை இடித்து அதற்குக் கோப்பி என்று பெயர் வைத்திருந்த காலம். மணியம் எதையும் மறுத்துப் பேசமாட்டார். அந்தக் கோப்பியைக் கோப்பி என்று சொல்லி விற்பவர் யார் சொல்வதையும் மறுக்க முடியாது.

நகரமும் தன்னால் முடிந்தவரை கௌரவமாகவே நடந்துகொண்டது. கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பியிருந்தார்கள்; அதனால் காலை ஏழு மணிக்குக் கும்மிருட்டாக இருந்தது. சேவல்களுக்கு உத்தரவு வந்து சேராததால் அவை பழைய நேரத்துக்கே கூவின. வெள்ளைக்காரன் கிரிக்கெட் ஆடிய பாடாங் மைதானத்தில் மரவள்ளி இடுப்பளவு நின்றது. சாக்கைக் கிழித்துச் சட்டை தைத்தவர்கள், சாக்கின் மேல் அச்சடித்திருந்த எழுத்து முதுகுக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள். டவுன்காரனுக்கும் தோட்டத்துக்காரனுக்கும் மிச்சமிருந்த வித்தியாசம் அது ஒன்றுதான். ஹரோல்ட் அதைக் கவனமாகக் காப்பாற்றினான். ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய் ஒரு வெள்ளை பேட்ஜும், நகர அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் வேலையும் வாங்கியிருந்தான். மொழிபெயர்க்க எதுவும் வராத நாட்களில் பென்சில் சீவுவான்.

அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் நல்லசாமியும் அவன் மனைவி பஞ்சாலையும் குடிவந்தார்கள். கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில் கித்தா எனும் ரப்பர் மரம் சீவியவர்கள். பால் வாங்க ஆளில்லாமல் தோட்டத்தில் புல் மண்டியபோது, சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் லயத்து வீடுகளின் வாசலில் வந்து நின்றான். நல்லசாமியின் தம்பி சன்னாசி முதல் லாரியில் ஏறினான். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். சன்னாசியின் நாய் இன்னும் லாரி போன சடக்கின் ஓரத்தில்தான் படுத்திருக்கிறது என்று பஞ்சாலை சொன்னாள். அடுத்த லாரி வருவதற்குள் நல்லசாமி மனைவியைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மலையிறங்கிவிட்டான்.

"டவுன்ல ஆளு தெரியாதுன்னு சொன்னாங்க தம்பி," என்றான் வந்த அன்று.

ஹரோல்டுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. தன் சித்தாந்தத்தை நம்பி ஊரையே விட்டு வந்த முதல் ஆள் அவன்.

பிறகு நகரத்துக்கே பெரட்டு வந்தது. தோட்டத்தில் விடியுமுன் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவாரே, அதற்குப் பெயர் பெரட்டு. 'பெரட்டுல நிக்கிறவன் மனுசன் இல்லலா, வெறும் பேரு' என்று ஹரோல்ட் பல வருடமாகச் சொல்லிவந்தான். இப்போது தெமியாங் தெருவில் ஆண்கள் எல்லோரும் இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும், அதற்கு 'அக்கம்பக்கத்தார் அதிகாலை நல்லுறவுக் கூட்டம்' என்று தமிழில் பெயர் வைத்தவனும் அவன்தான். பெயர் மாறியதும் அவனுக்குக் கூச்சம் போய்விட்டது. முன்வரிசையில் பேட்ஜ் தெரிய நின்றான். கூப்பிட்டால் ஜப்பான் மொழியில் 'ஹாய்' என்று சொல்ல வேண்டும் என்று தெருவுக்கே பழக்கிக் கொடுத்தான். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துத் திருநாவுக்கரசு, தெருத்தலைவர் என்ற முறையில் பெயர்களை வாசித்தார். இருட்டில் யார் தலையையும் எண்ண முடியாது, சத்தத்துக்குத்தான் கணக்கு.

நல்லசாமிக்கு மட்டும் 'ஹாய்' வரவே இல்லை. கடைசி வரிசையில் நிற்பான். பெயர் காதில் விழுந்ததும் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து, மலைச்சரிவில் பனிக்கு அப்பால் நிற்கும் கிராணிக்குக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பான்: "வந்துட்டேங்கய்யா!"

தெருவே சிரிக்கும். அன்று மாலையே ஹரோல்ட் அதை மணியம் கடையில் செய்து காட்டினான். அப்புறம் அது தினசரி நிகழ்ச்சி ஆகிவிட்டது. தலையில் இல்லாத துண்டை அவிழ்ப்பான், இல்லாத துண்டை அக்குளில் வைப்பான், வளைவான். குரல் அப்படியே நல்லசாமி. முடிவில் வரும் 'ய்யா'வில் லேசாக ஒரு கரகரப்பு உண்டு. அதைப் பிடிக்கத்தான் அவன் ரொம்பப் பாடுபட்டான். திருநாவுக்கரசுகூட ஒருநாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அவனுக்கு உண்மையிலேயே மொழிபெயர்க்க ஒரு அறிவிப்பு வந்தது. நாளைக் காலைக் கூட்டத்துக்கு அதிகாரி நேரில் வருவார். பெயர் கூப்பிடும்போது பதில் தராதவர்கள் சயாம் வேலைக்கு விருப்பம் தெரிவித்தவர்களாகக் கருதப்படுவார்கள். 'கருதப்படுவார்கள்' என்ற சொல் வாகாக வந்து உட்கார்ந்ததில் அவனுக்குத் திருப்தி. பிரதியை மணியம் கடைச் சுவரில் அவனே ஒட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது பஞ்சாலை பின்கதவருகே நின்றிருந்தாள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல் அவளை இரண்டு வாரமாகப் போட்டு ஆட்டியதில் கன்னம் ஒட்டியிருந்தது.

"அவுரு இன்னும் வர்லே தம்பி. கஞ்சிக்கு ஒரு பிடி அரிசி கெடைக்கும்னு காலையிலேயே கோலா கிளாவாங்குக்குக் கெளம்பினாரு. டயருக்குப் பதிலா கயித்தச் சுத்தி ஓட்டுற சைக்கிளு. மலையில எங்க அந்து கெடக்குதோ."

"ராத்திரிக்குள்ள வந்துருவாரு அக்கா."

"வர்லேன்னா?"

ஹரோல்ட் பேட்ஜைச் சரிசெய்துகொண்டு திருநாவுக்கரசு வீட்டுக்குப் போனான். படித்தவர்கள் இருவர் உட்கார்ந்து பேசினால் தீராத விஷயம் எதுவும் இல்லை என்பது அவனுடைய இன்னொரு சித்தாந்தம்.

"தம்பி, நான் பேரை வாசிக்கிறன். சத்தம் வந்தால் புள்ளடி போடுவன். வராட்டி, வாளோட ஒருத்தன் பக்கத்தில நிக்கேக்க நான் என்ன செய்யிறது?" திருநாவுக்கரசு கதவை முழுக்கத் திறக்கவில்லை. "நோட்டீசை நீர்தானே எழுதினனீர். வடிவான தமிழ்."

திரும்பி வந்தபோதும் பஞ்சாலை அதே இடத்தில்தான் நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளே சொன்னாள்.

"தோட்டத்துல ஒருத்தருக்கு முடியலேன்னா பக்கத்துல நிக்கிறவுங்க சத்தம் குடுத்துருவாங்க. கிராணிக்கும் தெரியும். தெரியாத மாதிரி எழுதிக்குவாரு."

"அக்கா, அது தோட்டம். இது டவுன். இங்க அவனவன் வாய்க்கு அவனவன்தான் பொறுப்பு. அந்த ஆபீசருக்கு என் குரல் நல்லாத் தெரியும்லா. மாட்டுனா நேரா நானும்தான் சயாமுக்கு."

"உங்க குரல யாரு கேட்டா?" என்றாள் பஞ்சாலை. "மணியம் கடையில தெனமும் குடுக்குறீங்களே, அதச் சொன்னேன்."

ஹரோல்ட் பேட்ஜை மறுபடியும் சரிசெய்துகொண்டான்.

"அவுருக்கும் தெரியும் தம்பி. ஒருநா கடைப் பக்கம் போனவரு கேட்டுட்டு வந்து ஒரே சிரிப்பு. 'நானே ஒரு நிமிசம் திரும்பிப் பாத்துட்டேன்டி'ன்னாரு. அந்த 'ய்யா' அப்படியே இருக்குன்னாரு." அவள் இரண்டு விறகைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுப்பதற்கு அவனிடம் நல்ல வாக்கியங்கள் இருந்தன.

அன்றைக்கு அவன் சித்தாந்தத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருந்தது. தெரிய வேண்டியவனுக்குத் தெரியும், சரி. தெரியக் கூடாதவன் என்று அவன் கணக்கு வைத்திருந்தவன், கடைக்கு வெளியே சடக்கில் நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த நாள் பெரட்டிலும் அதே குரலைக் கொடுத்திருக்கிறான், கூச்சமே இல்லாமல். ஊரின் அளவில் எங்கோ சின்னப் பிழை இருக்கிறது என்று ஹரோல்டுக்குப் பட்டது.

தோக்கியோவின் ஏழு மணிக்கு, சிரம்பானின் இருட்டில், தெரு கூடிற்று. கயிற்றுச் சைக்கிள் வந்திருக்கவில்லை. அதிகாரி முன்னால் நின்றார். இடுப்பில் வாள், கையில் டார்ச் லைட். அதை அவர் திருநாவுக்கரசின் தாளில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். பெண்களைப் பெரட்டில் கூப்பிடுவதில்லை. ஆனாலும் தெருவோர மரவள்ளிச் செடிகளுக்குப் பின்னால் யாரோ இருமலை அடக்குவது கேட்டது.

ஹரோல்ட் முன்வரிசையைக் கடந்து போனான். பின்னுக்குப் போனான். கடைசி வரிசையில் மணியம் அவனைத் திரும்பிப் பார்க்காமலே அரையடி விலகி இடம் விட்டார். பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். இருட்டில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை; இருந்தாலும் கழற்றினான்.

வீட்டு வரிசைப்படி பெயர்கள் வந்தன. ஹாய். ஹாய். ஹரோல்டின் அப்பா ஆம்புரோஸிடமிருந்து ஒரு ஹாய்.

"ஹரோல்ட்."

"ஹாய்." வகுப்பில் பாராட்டு வாங்கிய, திருத்தமான ஹாய். அதிகாரியின் தலை அந்தத் திசைக்குத் திரும்பிற்று. தெரிந்த குரல் முன்னால் வராமல் பின்னாலிருந்து வருகிறதே என்பதுபோல. டார்ச் வெளிச்சம் தாளைவிட்டு மெல்ல எழுந்து முதல் வரிசையின் முழங்கால்களைத் தடவிக்கொண்டு நின்றது.

"நல்லசாமி," என்றார் திருநாவுக்கரசு.

திருநாவுக்கரசு பென்சிலைக் கீழே வைக்கவும் இல்லை, அடுத்த பெயருக்குப் போகவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், சட்டையில் துடைத்தார், மாட்டினார். அவ்வளவு நேரம் அவர் எந்தப் பெயருக்கும் கொடுத்ததில்லை.

சிரிக்க ஆளில்லாமல் இதை ஹரோல்ட் ஒருநாளும் செய்ததில்லை.

பிறகு கடைசி வரிசையிலிருந்து, அடிவயிற்றிலிருந்து, மலைக்கு அப்பால் நிற்பவனுக்கும் கேட்கும்படி அது வந்தது.

"வந்துட்டேங்கய்யா!"

இந்தக் குரலுக்குச் சிரித்தே பழகிய தெரு, ஒரு வாயும் திறக்காமல் நின்றது. எங்கேயோ ஒரு சேவல், தன் சொந்தக் கணக்குப்படி, கூவிற்று. தாளின் மேல் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.

அதற்கே காத்திருந்ததுபோல் டார்ச் வெளிச்சம் மறுபடி தாளுக்கு இறங்கியது. அடுத்த பெயர் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில், ஒருவருக்கும் தெரியாத இருட்டில், ஹரோல்ட் இடுப்பை வளைத்தபடியே நின்றான். அவன் கை மெதுவாகத் தலைக்குப் போய், அங்கே இல்லாத துண்டை அவிழ்த்து, பத்திரமாக அக்குளில் இடுக்கிக்கொண்டது.