பதினைந்து தடவை

அன்று காலை முதியோர் இல்லத்து அலுவலக அறையில் இருந்தவர்கள்: மேலாளர், நர்ஸக்கா, சமையல்காரர், ஏழாம் அறை டிரைவர் தாத்தா, வாசல் காவலுக்கு இருக்கும் நான். மேசைமேல் ஒரு மாத்திரைப் பெட்டி.

ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டியில் நாளுக்கு ஒரு குழி. இல்லத்தில் இருக்கும் பதினெட்டுப் பேருக்கும் ஒரு வாரத்துக்கானதைத் திங்கட்கிழமை காலையில் நர்ஸக்காதான் நிரப்புவார். டிரைவர் தாத்தாவின் செவ்வாய்க் குழியில், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகக் கிடந்தது. வாயில் போடுமுன் அவரே பார்த்துவிட்டார்.

"இருபது வருஷ அனுபவம். ஒண்ணு, ரெண்டு எண்ணத் தெரியாதா?" என்றார் மேலாளர். "நாளையிலேருந்து வர வேண்டாம்."

நர்ஸக்கா அழவில்லை. "பாதியில எழுந்து போய்ட்டு வந்தேன் சார். போட்டேனா இல்லையான்னு தெரியல. போடலைன்னு தோணுச்சு."

"அதுக்குப் பேர்தான் கவனமில்லாத்தனம்."

யாருக்காகவும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை நான். ஆனால் வாசல் நோட்டில் இருப்பது என் கையெழுத்து. திங்கட்கிழமைப் பக்கத்தைப் படித்தேன். "ஒம்பது அஞ்சு, சலவைத் துணி வந்துச்சு, அக்காவைக் கூப்பிட்டேன். ஒம்பது பன்னெண்டு, மூணாம் ரூம் பாட்டியோட மக போன்ல. ஒம்பது இருபது, குழாய் ரிப்பேர்காரர்..."

பத்து மணிக்குள் பதினோரு தடவை. எல்லாம் நான் கூப்பிட்டது.

"நாலு தடவை நானும்," என்றார் சமையல்காரர் தரையைப் பார்த்து. "உப்பில்லாம யாருக்குன்னு கேக்க."

"நாலு தடவையுமா அதையே கேட்ட?" என்றார் டிரைவர் தாத்தா. "பஸ்ல என் தலைக்கு மேல போர்டு இருக்கும், டிரைவரிடம் பேசாதீர்கள்னு. ஒருத்தன் பேசினாலே வண்டியை ஓரம் கட்டிருவேன். இந்தப் பொண்ணைப் பதினஞ்சு தடவை உலுக்கியிருக்கீங்க. போக இருந்தது என் உசிரு. நான் சொல்றேன், அவ இருக்கட்டும்."

மேலாளர் பெட்டியை மூடினார். "இன்னொரு தடவை நடந்தா யாரும் சிபாரிசுக்கு வரக்கூடாது."

அடுத்த திங்கள், ஒன்பது மணி. நர்ஸக்கா மருந்தறைச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"வெளியில பூட்டு தம்பி. நான் தட்டினாத் திற."

"சலவைக்காரர் வந்தா?"

"நீயே எண்ணி வாங்கு."

"உங்க வீட்லேருந்து போன் வந்தா?"

"பத்து மணிக்குப் பேசறேன்னு சொல்லு."

"தீப்பிடிச்சா?"

"அதுக்கு மட்டும் திற."

உள்ளே போனார். நான் கதவைச் சாத்தி, இரண்டு சுற்று பூட்டினேன்.