பதின்மூன்றாவது சைபர்

1.

இந்தக் கதை எனக்கு ஓர் எண்ணிலிருந்து வந்தது. முதலில் ஒன்று, பிறகு பதின்மூன்று சைபர், நடுவில் 666, மறுபடி பதின்மூன்று சைபர், கடைசியில் ஒன்று. எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதே எண். போதாக்குறைக்கு அது முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. (தமிழ்நாட்டு வாசகர்கள் 'பகா எண்' என்று படிக்கலாம், எண் கோபிக்காது.) இப்படியொரு வீம்புக்கார எண்ணைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

2.

'அன்று கடல் அமைதியாக' – வேண்டாம். கடல் எல்லோர் கதையிலும் வருகிறது.

அம்பிகை சரவணை ஊரில் வயல் செய்யும் கமக்கார வீட்டுப் பெண், கணித ரீச்சர். பக்கத்து ஊர் நாரந்தனைக் கத்தோலிக்க மீனவன் ஜெகதீசைக் காதலித்துக் கட்டினாள். அவனுடைய தாய் றோஸ் ஒரு வருடமாக மருமகளுக்குச் சோறு போடுகிறாள்; ஒரு சொல் கதைப்பதில்லை. அம்பிகைக்கு அது தாங்க முடியாமல் இருந்தது.

ஜெகதீஸ் புதுப் படகு வாங்கினான். மற்றவர்கள் புனிதர் பெயர் எழுதுமிடத்தில் அம்பிகை இந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதிச் சேலையால் மூடினாள்.

"என்ன எழுதினனீர்?" என்று ஜெகதீஸ் கேட்டான்.

"ஒருத்தராலையும் பிரிக்க ஏலாத நம்பர். எங்களைப் போல. நாளைக்குப் பாருங்கோ."

3.

பங்குச் சுவாமியார் படகை ஆசீர்வதிக்க வந்தார். சேலை விலகியது. தீர்த்தம் தெளிக்கப்போன கை அப்படியே நின்றது.

"ஐயோ, அந்த 666 அந்திக்கிறிஸ்துவின்ரை நம்பரெல்லோ!" என்று அயல்வீட்டு மேரிசுகந்தி கத்தினாள்.

விவிலியம் படிக்காத அம்பிகை றோஸ் பக்கம் திரும்பினாள். "சத்தியமா எனக்குத் தெரியாது, மாமி."

றோஸ் செபமாலையோடு படகருகே போனாள்.

4.

முடிவு (அ): றோஸ் 666 மேல் சிலுவை வரைகிறாள், இருவரும் கட்டிப்பிடித்து – [வெட்டிவிட்டேன். நானே நம்பவில்லை.]

முடிவு (ஆ): சுவாமியாரும் கணிதம் படித்தவர் என்பதால் – [இது அதைவிட மோசம்.]

றோஸ் மணிகளை உருட்டினாள். செபம் சொல்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"பிள்ளை," என்றாள். "இஞ்சாலை பதின்மூண்டு சைபர். அங்காலை பன்ரெண்டுதான் கிடக்கு."

கடைசியில் எஞ்சின் பக்கம் இடம் நெருக்கியதில் ஒன்றை விட்டிருந்தாள், பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரு சைபர் தவறினாலும் மன்னிக்காத ரீச்சர். படகில் இருந்த எண் இப்போது 23ஆல் மீதியின்றி வகுபடும். (நான் வகுத்துப் பார்த்தேன். சந்தேகக்காரர்கள் கடதாசி எடுக்கலாம்.) ஆனால் அம்பிகை வகுத்துப் பார்க்கவில்லை. மாமி கதைத்துவிட்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

5.

றோஸ் பெயின்ற் வாளியைக் கேட்டு வாங்கி, பூசும் பிறஸைத் தோய்த்தாள்.

அதைக்கொண்டு 666ஐ மூடப்போகிறாளா, விடுபட்ட சைபரைப் போடப்போகிறாளா? இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். வாளியை மருமகள் பக்கம் நீட்டி அவள் சொன்னாள்:

"இதைப் பிடியும், பிள்ளை. சிந்தாமல்."

அம்பிகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக, சுவாமியார் வெயிலில் நிற்கிறார்.