மெத்தைக்கடையில் முள்ளம்பன்றி

கரடியாரின் மெத்தையைக் கிழித்தது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை, யோசித்துப் பார்த்துவிட்டேன். பஞ்சடித்துக் களைத்த முதுகைச் சற்றே சாய்க்கலாம் என்று சாய்த்தேன். முள்ளம்பன்றிக்கு முதுகு என்று தனியாக ஒன்று கிடையாது, அங்கே இருப்பதெல்லாம் முள்தான் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. எழுந்தபோது மெத்தையும் கூடவே எழுந்தது.

இந்தக் கதைக்குப் படம் போட்டவர் அந்த இடத்தில் என்னைப் பாவமாக, கண்ணில் நீர் முட்ட வரைந்திருக்கிறார். உண்மையில் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு விசிலடித்தேன். பஞ்சை மட்டும் சரியாக வரைந்திருக்கிறார். கடை முழுக்க அவ்வளவு பறந்தது.

மெத்தைக்கடையில் முள்ளம்பன்றிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது. பஞ்சைத் தடியால் அடித்து உதிர்ப்பது என் வேலை. என் வலப்பக்கம் உட்கார்ந்து உறை தைப்பது முயலின் வேலை. முதலாளியம்மா ஒரு செம்மறியாடு. மனசு பஞ்சு, வாய் கோணி ஊசி. அன்றைக்கு அவர் திட்டவில்லை. கரடியார் பனிக்காலத் தூக்கத்துக்குப் போவதற்குள் மெத்தை தயாராக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக இந்தக் கட்டத்தில் என் முள் ஒன்று அருமையான ஊசியாகி எல்லோரையும் காப்பாற்ற வேண்டும். முயற்சி செய்தோம். இரண்டாவது தையலில் ஒடிந்துவிட்டது.

முயல்தான் குனிந்த தலை நிமிராமல் மாலைவரை தைத்தான். முடித்ததும், மேலெல்லாம் ஒட்டியிருந்த பஞ்சை உதறச் சட்டையைக் கழற்றினான். அப்போதுதான் பார்த்தேன். சட்டைக்குள்ளே, இடது தோளிலிருந்து இடுப்புவரை, குட்டி மெத்தை ஒன்று. மிச்சத் துணியில் பஞ்சு வைத்து நெருக்கமாகத் தையல் போட்டது. அதன் வெளிப்பக்கம் முழுக்கப் பொத்தல். இடது பக்கம் என்பது நான் உட்காரும் பக்கம்.

மத்தியானம் நாங்கள் ஒட்டி உட்கார்ந்துதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். குத்துகிறதா என்று தினமும் கேட்பேன். இல்லையே என்று தினமும் சொல்வான். அவனுக்குக் கொஞ்சம் தடித்த தோல் என்று நானும் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இருப்பது ஒரே நண்பன். அவனும் என்னைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தவன்தானா?

மறுநாள் கழுத்திலிருந்து வால்வரை ஒரு கோணிப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கையைத் தூக்க முடியவில்லை. தடி பஞ்சில் விழுந்ததைவிட என் காலில் விழுந்ததுதான் அதிகம். மூட்டை எப்போதிலிருந்து நடக்கக் கற்றுக்கொண்டது என்று முதலாளியம்மா விசாரித்தார். மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டேன். இனி சாப்பாடு அங்கேதான்; கரடியார் தூங்கப் போனதும் வேலையையும் விட்டுவிடுவது என்று முடிவு. முயல் பின்னாலேயே வந்து நின்றான்.

"நேராச் சொல்லு," என்றேன். "குத்துச்சா, இல்லையா?"

இல்லையே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நான் அவன் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டான். டப்பாவின் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"குத்துச்சுடா. நீ சேர்ந்த நாள்லேர்ந்து குத்துது. எழுந்து வேற பக்கம் போக எனக்குக் காலில்லையா? அங்க போனா நீ பேசுறது கேக்காது, அதான் பஞ்சு வெச்சுக்கிட்டேன். மொதல்ல அந்தக் கோணியக் கழட்டு, வெங்காய நாத்தம் தாங்கல. கொஞ்சம் நகரு, நானும் உக்காரணும்."