கொக்கா, தாய்க்கட்டையா

பொம்மையின் நூல்கள் எல்லாம் மேலே ஒரு மரக்கட்டையில் வந்து சேரும். அதைப் பிடித்துத்தான் ஆட்டுகிறோம். எங்கள் வீட்டில் அதற்குக் கொக்கு என்று பெயர். நிமிர்ந்து நிற்கும், கழுத்து நீளம். மருமகள் வரும்வரை அதற்கு வேறு பெயர் இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

அவளும் பொம்மலாட்டக் குடும்பம்தான். அவள் பிறந்த வீட்டில் இந்தக் கட்டை தாய்க்கட்டையாம். அதிலிருந்து கழற்றி, கால்களை மட்டும் நடக்கவிடும் சின்னக் குச்சிதான் அவர்களுக்குக் கொக்கு. ஒத்திகையில் நான், "கொக்கைப் பிடி!" என்று கட்டையை நீட்டினேன். அவள் குச்சியைப் பிடித்தாள். நான் கையை விட்டேன். எங்கள் ராணி பொம்மை தரையில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுக்கு வந்தா இந்த வீட்டுப் பேரைச் சொல்லு" என்றேன்.

"சொல்றேன் அத்தை. ஆனா அவசரத்துல என் கைக்குப் பழைய பேருதான் கேக்கும்."

என்ன வாய்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் என் பையன் சட்டென்று ஏதோ வயரைத் தேட ஆரம்பித்தான். பிழைக்கத் தெரிந்தவன்.

ராணிக்கு மூக்கை ஒட்டி மறுநாள் மேடையேற்றினோம். அரங்கில் இடமில்லை. கடைசிக் காட்சியில் அவள் அரியணைப் படியேற வேண்டும். பாதிப் படியில் என் மணிக்கட்டு இழுத்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே முரண்டு பிடிக்கிற கை. யாரிடமும் மூச்சு விட்டதில்லை. விரல்கள் மரத்துப்போயின. ராணி தள்ளாடினாள். இத்தனை பேர் முன்னால் குப்புற விழப்போகிறாள். பக்கத்தில் மருமகள் நின்றாள். 'கொக்கு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தாய்க்கட்டை!"

அவள் கை நேராக என் விரல்களுக்குக் கீழே வந்து கட்டையைத் தாங்கியது. ஒரு நூல்கூடத் தொய்யவில்லை. நான் கையை விட்டேன். ராணி மிச்சப் படிகளை ஏறினாள், நான் ஏற்றுவதைவிட மிடுக்காகவே ஏறினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதுவரை நான் அந்த நடையை மேலே இருந்துதான் பார்த்திருக்கிறேன். அன்று ஓரமாக நின்று, கண் நிறையப் பார்த்தேன்.

திரை விழுந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. பையன் ஓடி வந்தான்.

"அம்மா, நீயா அந்தப் பேரைச் சொன்னே? அப்ப இனிமே நம்ம வீட்ல இதுக்கு என்னதான் பேரு?"

"என்னை ஏன்டா கேக்கற?" என்றேன். "கட்டை யார் கையில இருக்கோ, அவளைக் கேளு."