வெள்ளைக் குதிரையின் இடுப்பில் ஊற்றாத தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. 1955, நெவாடா. ஒரு கௌபாய் படத்துக்கு நான்தான் திரைக்கதை. அதில் ஒரு வெள்ளைக் காட்டுக்குதிரை வரும். மனிதன் தொலைத்த கள்ளமில்லா மனசுக்கு அது அடையாளமாம் (தயாரிப்பாளரிடம் நான் அளந்தது).

தொடக்கம்: "மனிதக் கை படாத அந்தப் பெண்குதிரை, விடியலில்..."

வேண்டாம். கை படாததா என்பதுதானே சந்தேகமே!

2

மலையில் பிடித்ததாகச் சத்தியம் செய்து அதைக் கொண்டுவந்தவன் வெர்லின், படங்களுக்குக் குதிரை தருகிறவன். (இவனை நல்லவனாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

ஒத்திகையில் கழுத்துக்கயிறு நழுவித் தரையில் விழுந்தது. ஓடப்போகிறது என்று சிதறினோம். குதிரையோ அசையாமல் நின்றது. கயிறு தரையில் கிடந்தால் நகரக் கூடாது என்று பண்ணைக் குதிரைகளைத்தான் பழக்குவார்கள்.

சமையல்காரி ஆர்ஃபா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"ஏன்யா வெர்லின், காட்டுல இதுக்குப் பாடம் நடத்துனது யாரு? கரடியா?"

"போய் பீன்ஸைக் கிண்டு தாயி. அது பயந்து நிக்குது."

"பயந்தா ஓடும்யா. இது பழகி நிக்குது."

3

கடைசிக் காட்சி எடுத்தாயிற்று. காட்டுக்குதிரைகளுக்கு உரிமையாளர் கிடையாது. படப்பிடிப்பு முடிந்தால் லாரியில் நாய்த்தீனி ஆலைக்குத்தான். யாரோ வளர்த்தது என்று தெரிந்தால் மட்டும் இது பிழைக்கும்.

ஆர்ஃபா ஒரு வாளித் தண்ணீரை என் கையில் திணித்தாள்.

"இடுப்புல ஊத்துங்க சார். முடி நனைஞ்சா பண்ணைக்காரன் அடையாளத்துக்குப் போட்ட சூடு தெரிஞ்சிடும்."

"அப்படி ஒண்ணும் இல்லேன்னா?"

"இருந்துட்டா என்ன பண்றதுன்னுதானே யோசிக்கிறீங்க?"

பாவி, சரியாகப் பிடித்துவிட்டாள். சூடு தெரிந்தால் திருட்டுக் குதிரை. படம் முடங்கும், என் பெயரும் நாறும்.

முடிவு அ: ஊற்றினேன். தழும்பு தெரிந்தது. சொந்தக்காரர் ஓடி...

பொய். கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: ஊற்றினேன். ஒன்றுமே...

இதுவும் பொய். என் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது.

நடந்தது இதுதான். வாளியைக் குதிரையின் வாயருகே வைத்தேன். "பாவம், தாகம்" என்றேன். அது நிதானமாகக் குடித்துவிட்டு ஈரமூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டது. லாரிக்காரன் பின்கதவைத் திறந்தான். வெட்கக்கேடு, நான் வாயைத் திறக்கவில்லை.

4

அது எப்படி லாரி ஏறியது என்பதை நான் எழுதமாட்டேன். நீங்கள் எழுதுங்கள். அசல் காட்டுக்குதிரை மாதிரி உதைத்தது, திமிறியது, நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள் என்று எழுதுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.