எண்ணியவரே ஜெயித்த தேர்தல்

சரித்திர வாத்தியார் ஒன்பது வருடமாக அந்தப் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் தலைவர். இந்த வருடம்தான் முதல் முறையாகப் போட்டி; கணக்கு டீச்சர் எதிர்த்து நின்றார். ஓட்டுகளை யார் எண்ணுவது என்று வந்தபோது, "சாரே எண்ணட்டும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சட்டம் போடுகிறவர், நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூவரும் வேறுவேறு ஆளாக இருக்க வேண்டும் என்று அறிவொளிக் காலத்துத் தத்துவஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டு சொன்னதை, தொண்டை வற்றப் பாடம் நடத்துகிறவர் அவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் தப்பு செய்வாரா? நிற்கிறவரே எண்ணலாமா என்று கேட்க அந்த அறையில் நாதி இல்லை. அவருக்கும் உள்ளூரக் குளிர்ந்துதான் போனது.

முப்பத்தொரு சீட்டுகள். முப்பதைப் பிரித்ததில் ஆளுக்குப் பதினைந்து. கடைசிச் சீட்டில் கணக்கு டீச்சரின் பெயர், கீழே அழுத்தமாக ஒரு கோடு. இருபது வருடமாக மளிகைச் சீட்டில் பார்த்துவரும் கையெழுத்து. அறிவியல் டீச்சரான அவர் மனைவி எதிர் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குக் காது சுட்டது. பதவி போனால்கூடப் பரவாயில்லை, பெண்டாட்டி கையாலா போக வேண்டும்?

"இதுல யாரோ அடிக்கோடு போட்டிருக்காங்க. அடையாளம் வெச்சா செல்லாது" என்றார். அப்படி ஒரு விதி அந்த நிமிஷம்தான் பிறந்தது. சமமாக வந்தால் பழைய தலைவரே தொடர்வார் என்பது மட்டும் பழைய விதி. எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி தட்டவில்லை, எழுந்து வெளியே போனாள்.

தாழ்வாரத்தில் பிடித்தார். "எனக்கு எதிராப் போட உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"உங்களை யாரும் ஒரு கேள்வி கேக்குறதில்லங்க. அது உங்களுக்கு நல்லதில்லன்னுதான் போட்டேன்." குரல் இறங்கியது. "இப்பவும் யாரும் கேக்கல. நானும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, வெக்கமா இருக்கு."

திருடன் என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவளும் சேர்ந்து தலைகுனிந்து நின்றதுதான் அவரை நாராகக் கிழித்தது. திரும்பி அறைக்குள் போனார்.

"அந்த ஓட்டு செல்லும். டீச்சர்தான் ஜெயிச்சாங்க."

முன்னைவிடப் பலமாகக் கைதட்டல். "சாரோட பெருந்தன்மையைப் பாத்தீங்களா!" என்றார் தமிழ் ஐயா. கணக்கு டீச்சர் கண்கலங்கி, "வேண்டாம் சார், நீங்களே இருங்க" என்று கும்பிட்டார்.

அந்தக் கும்பிடுக்கு முன்னால் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்படியே விட்டால் இதுவும் ஒரு பெருமையாகிவிடும்.

"பெருந்தன்மை இல்லம்மா" என்றார். "அது என் வீட்டுக்காரி போட்ட ஓட்டு. தெரிஞ்சுதான் திருடினேன்."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.